பாத்தியும் பத்தியும்

(கட்டுரை எழுதப் பயிலும் இளைஞர்க்கு ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோட்டம் போடுவோர் நிலத்தை உழுதவுடன் எல்லா விதைகளையும் ஒன்றாய்க் கலந்து இறைத்துவிடுவதில்லை. கீரைக்கு ஒரு பாத்தி, கத்தரிக்கு ஒரு பாத்தி, வெண்டைக்கு ஒரு பாத்தி என வகுத்து, ஒவ்வொன்றுக்கும் கரை அணைத்து, வாய்க்காலினின்று ஒவ்வொரு பாத்தியாக மடை திருப்பி நீர் பாய்ச்சுகின்றனர். கரையில்லையாயின் நீர் பள்ளம் நோக்கி ஓடிவிடும். மேட்டுச் செடி வாடும். பள்ளத்துச் செடி அழுகும். பாத்தி என்னுஞ் சொல்லே பகுத்தலை உணர்த்துவது. உழவர் அறிந்த இவ்வுண்மையை எழுதுவோர் பலர் மறந்தமையே இன்றைய தமிழ் உரைநடையின் பெருங்குறைகளுள் ஒன்று.

தோட்டத்திற்குப் பாத்தி எத்தகையதோ உரைநடைக்குப் பத்தி அத்தகையது. ஆனால், பத்தி என்பது கண் இளைப்பாறுதற்கு விடப்பெறும் வெற்றிடம் என்றே பலர் கருதுகின்றனர். பத்து வரி எழுதியாயிற்று, ஆகவே ஒரு பத்தி பிரிப்போம் என்று தாளின் அழகு நோக்கிப் பிரிக்கின்றனர். அது பிழை. ஒரு கருத்துத் தோன்றி, விளங்கி, நிலைபெற்று முடியும் இடம் எதுவோ அதுவே பத்தி முடியும் இடம். எனவே, பத்தி பிரிக்கத் தெரியாமை எழுத்தின் குறை மட்டுமன்று; எண்ணத்தின் குறையுமாம். எழுத வந்தவர் தாம் எத்தனைக் கருத்துகளைச் சொல்ல வந்தோம் என்பதையே எண்ணிப் பார்க்கவில்லை என்பதற்கு அது சான்று.

குறி யாருடையது? கொள்கை யாருடையது?

பத்தி பிரித்தல் மேலையரிடமிருந்து கடனாகப் பெற்றது என்பாருளர். இதனை ஆய்ந்து பார்த்தல் நன்று. பண்டைக் கிரேக்கர் ஏட்டின் இடப்புறத்தே, பொருள் மாறும் வரியின் கீழ், ஒரு சிறு கிடைக்கோடு இழுத்தனர். பக்கத்தே எழுதப்பெற்றது என்னும் பொருளுடைய அக்கோட்டின் பெயரே பின்னர் ஆங்கிலத்திற் பத்தியின் பெயராயிற்று. இடைக்காலத்துக் கையெழுத்து நூல்களில் அக்கோட்டின் பணியைச் செந்நிறத்திலும் நீல நிறத்திலும் தீட்டிய தனிக்குறி ஒன்று ஏற்றது. அச்சு வந்த தொடக்கக் காலத்தில், அக்குறியைக் கையால் தீட்டுதற்கென இடம் விட்டு அச்சிட்டனர். தீட்டப்பெறாமல் நின்ற அவ்வெற்றிடமே இன்று பத்தியின் முதல் வரி உள்ளடங்கித் தொடங்கும் வழக்காயிற்று என்பர்.

ஆனால், ஒரு பத்தியின் உள்ளே என்ன இருத்தல் வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் நெறிகளாக வகுத்துத் தந்தவர் இசுக்காட்லாந்து நாட்டு அலெக்சாந்தர் பெயின் என்னும் பேராசிரியர். அவர் நூல் வெளிவந்தது 1866ஆம் ஆண்டில். ஒரு பத்தி ஒரே நோக்கினதாதல் வேண்டும்; அதன் தொடக்கம் அதன் பொருளை உணர்த்துதல் வேண்டும்; ஒவ்வொரு சொற்றொடரும் தனக்கு முன்னதோடு கொண்ட உறவு விளங்க நிற்றல் வேண்டும் என்பன அவர் வகுத்தவற்றுள் தலையாயன. நல்ல நெறிகளே. அவற்றைத் தமிழர் ஏற்பதில் இழுக்கொன்றுமில்லை.

எனினும், இக்கொள்கை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் நூலின் உறுப்புகளை நூற்பா, ஓத்து, படலம், பிண்டம் என நான்காகப் பகுத்தார். ஓரினத்து மணிகளை நிரலாகப் பதித்தாற்போல ஓரினப் பொருள்களை ஓரிடத்தே வைப்பது ஓத்து என்பது அவர் கருத்து. அவர் நூலே அதற்குச் சான்றாக நிற்கின்றது. மூன்று அதிகாரங்கள், அதிகாரத்திற்கு ஒன்பது இயல்கள், ஆக 27 இயல்கள். எழுத்தின் பிறப்பைத் தேடுவார் பிறப்பியலுக்குச் செல்லலாம். உவமையைத் தேடுவார் உவமவியலுக்குச் செல்லலாம். திருக்குறளும் அவ்வாறே பத்துப் பத்துக் குறளாக 133 அதிகாரங்களிற் கட்டப்பெற்றுள்ளது. ஓத்துக்குச் சொன்ன நெறி பெரிய அளவினது. அதையே சிறிய அளவிற் கொண்டால் அதுதான் பத்தியின் நெறி. கோடும் குறியும் வெற்றிடமும் பிறருடையனவாகலாம். ஓரினப் பொருளை ஓரிடத்து வைத்தல் என்னும் அறிவு தமிழருடையதுமாம்.

ஓலையும் தாளும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஓலைச்சுவடிகளிற் பத்தி இல்லையே, பின்னர் எவ்வாறு வகுத்தனர் என்பதே அவ்வையம்.

ஓலை நீண்டு குறுகியது. அதனைப் பதப்படுத்துதல் கடினம். எழுத்தாணியால் அதிற் கீறுதல் அதனினும் கடினம். ஆகலின் ஒரு விரற்கடையையும் வீணாக்காமல் எழுதினர். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியில்லை. பாட்டின் அடிகளையும் தனித்தனி வரியாக எழுதவில்லை. மெய்யெழுத்திற்குரிய புள்ளியையும் பெரும்பாலும் இடவில்லை. பாட்டும் உரையும் ஒரே ஓட்டமாக ஓடும். இத்தகைய ஓலையில் எழுதிய உரையாசிரியர் தம் கருத்துகளை எவ்வாறு பிரித்துக் காட்டினர்?

சொல்லாற் பிரித்துக் காட்டினர். உரைகளைப் புரட்டிப் பாருங்கள். ‘இனி’ என்று தொடங்கினால் புதிய பொருள் தொடங்குகின்றது என்று அறியலாம். ‘அஃதேல்’, ‘அற்றேல்’ என்று வந்தால் மறுப்பவர் வினா வருகின்றது என்று அறியலாம். ‘என்னை எனின்’ என்பது கரணியம் கூறப்போவதன் அறிவிப்பு. ‘என்க’ என்பது அக்கருத்து முடிந்ததன் அடையாளம். இறையனார் களவியலுரை வினாவும் விடையுமாகவே பொருளை நகர்த்திச் செல்கின்றது. கண்ணுக்குத் தெரியும் பத்தி அங்கில்லை. காதுக்குக் கேட்கும் பத்தி உண்டு. ஆசிரியர் படிக்க மாணவர் கேட்கும் வகையிற் கல்வி நிகழ்ந்த காலத்திற்கு அதுவே பொருத்தமுமாயிற்று.

பின்னர் அச்சு வந்தது. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் தமிழ் எழுத்தைத் தாளில் ஏற்றியது. நெடுங்காலம் கழித்து, 19ஆம் நூற்றாண்டில், யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) நிறுத்தக் குறிகளை ஒழுங்குறக் கையாண்டு தமிழ் உரைநடையைப் பிழையறப் பதிப்பித்தார். சொற்கள் பிரிந்தன, தொடர்கள் பிரிந்தன, பத்திகளும் பிரிந்தன. எழுத்தாணி தராத இடத்தை அச்சு தந்தது.

தந்த இடம் என்னாயிற்று? ஓலையில் இடமில்லை, ஆயினும் வகுப்பு இருந்தது. தாளில் இடமிருக்கின்றது, வகுப்பு மறைந்து வருகின்றது. முன்னோர் ‘இனி’ என்றும் ‘அற்றேல்’ என்றும் சொல்லாற் கட்டிய கரையையும் இக்காலத்தார் கட்டுவதில்லை. இடம் விட்டுக் கட்ட வேண்டிய கரையையும் கருத்தறிந்து கட்டுவதில்லை.

ஓர் ஊரின் முறையீடு

இதனால் வரும் இழப்பு நடைச்சிறப்பைப் பற்றியது மட்டுமன்று. வாழ்க்கையைப் பற்றியதும் ஆகும். ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோர்க்கு அது விளங்கும். ஓர் ஊரார் மாவட்ட ஆட்சியர்க்குப் பின்வருமாறு எழுதுகின்றனர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“எங்களூர் ஏரி முந்நூறு காணி நிலத்திற்கு நீர் தருவது. வரத்துக் கால்வாய் தூர்ந்துவிட்டது. எங்களூர்ப் பள்ளிக்கு வேலியில்லை. சென்ற ஆண்டு நல்ல மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை. கால்வாயின் ஒரு பகுதியைச் சிலர் வளைத்து வேலியிட்டுள்ளனர். மதகின் பலகை உடைந்துவிட்டது. முன்னர் இருமுறை எழுதியும் விடையில்லை. மாடுகள் பள்ளிக்குள் புகுகின்றன. வரும் மழைக்கு முன் ஆவன செய்ய வேண்டுகின்றோம்.”

ஒவ்வொரு தொடரும் உண்மை. ஒன்றிலும் இலக்கணப் பிழையில்லை. ஆயினும், நாளும் பல முறையீடுகளைப் படிக்கும் அலுவலர்க்கு இதில் என்ன விளங்கும்? ‘ஆவன செய்க’ என்றது எதனை? கால்வாயையா, மதகையா, வளைப்பையா, பள்ளி வேலியையா? தூர் வாருதல் ஓர் அலுவலகத்தின் பணி. வளைப்பை அகற்றுதல் வருவாய்த்துறையின் பணி. பள்ளி வேலி வேறோர் அலுவலகத்தின் பணி. நான்கு பொருள்களும் ஒன்றாய்ப் பின்னிக் கிடப்பதால், முதலிற் கண்ணிற் பட்ட ஒன்றை எடுத்து, அதற்குரிய அலுவலகத்திற்குத் தாளை அனுப்பிவிடலாம். மற்ற மூன்றும் அத்தாளிலேயே புதைந்துபோகும். அடுத்த மழைக்கும் ஏரி நிரம்பாது.

அம்முறையீட்டையே பாத்தி கட்டி எழுதினால் எவ்வாறிருக்கும் என்று காணுங்கள். பள்ளிச் செய்தியைப் பிரித்துத் தனித்தாளில் எழுதிவிடுக. எஞ்சியவை மூன்று பத்திகளாகும்.

“எங்களூர் ஏரியின் வரத்துக் கால்வாயை வரும் மழைக்கு முன் தூர் வாரித் தரவும், உடைந்த மதகுப் பலகையை மாற்றித் தரவும் வேண்டுகின்றோம்.

இவ்வேரி முந்நூறு காணி நிலத்திற்கு நீர் தருவது. கால்வாய் தூர்ந்தமையாற் சென்ற ஆண்டு நல்ல மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை. வந்து சேர்ந்த சிறிதளவு நீரும் மதகுப் பலகை உடைந்தமையால் நில்லாது வெளியேறிவிட்டது.

கால்வாயின் ஒரு பகுதியைச் சிலர் வளைத்து வேலியிட்டுள்ளனர். அதனை அளந்து மீட்டாலன்றித் தூர் வாருதல் முழுமை பெறாது. ஆகவே வருவாய்த்துறைக்கும் இதன் படியை அனுப்பியுள்ளோம். இதுபற்றி முன்னர் இருமுறை எழுதிய மடல்களின் படிகளும் இத்துடன் உள்ளன.”

முதற்பத்தி வேண்டுவது யாது என்று சொல்கின்றது. இரண்டாம் பத்தி ஏன் வேண்டுகின்றனர் என்று சொல்கின்றது. மூன்றாம் பத்தி இடையே நிற்கும் தடை யாது என்று சொல்கின்றது. பத்தி பிரித்தபோது வேறொன்றும் நிகழ்ந்தது. மதகு உடைந்ததற்கும் ஏரி வற்றியதற்கும் உள்ள உறவை முதலில் எழுதியவர் சொல்லவேயில்லை. ஓரினப் பொருளை ஓரிடத்து வைத்தவுடன் அவ்விடைவெளி தெரிந்தது. உரிய தொடரும் பிறந்தது. பத்தி பிரித்தல் எண்ணியதை அடுக்குவது மட்டுமன்று. எண்ணாது விட்டதையும் காட்டிக் கொடுப்பது.

நன்னூல் காட்டும் குற்றங்கள்

13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை எடுத்துரைத்தார். அவை நூலுக்குச் சொல்லப்பெற்றன. ஆயினும் அவற்றுட் சிலவற்றைப் பத்திக்குப் பொருத்திப் பார்ப்பது எழுதுவோர்க்குப் பெரும்பயன் தரும்.

ஏரியைப் பற்றிய பத்தியிற் பள்ளி வேலி புகுந்தது மற்றொன்று விரித்தல். முதற்பத்தியிற் சொன்னதையே சொல் மாற்றி மூன்றாம் பத்தியிலும் சொல்வது கூறியது கூறல். எந்தச் செய்தி எதற்குச் சான்று என்று தெரியாவண்ணம் கலந்து வைப்பது மயங்க வைத்தல். வலிய கருத்தொன்றைத் தொடங்கி, சான்று காட்டாது, ‘இன்னும் பல சொல்லலாம், விரிவஞ்சி விடுத்தோம்’ என்று நைந்து முடிவது சென்று தேய்ந்திறுதல். மேடைப் பேச்சை அப்படியே எழுத்தாக்குவோரிடம் இவ்விறுதிக் குற்றம் மிகுதி. பேச்சிற் குரல் தாங்கிக்கொள்ளும். தாளில் தாங்குவதற்குக் குரல் இல்லை.

பத்தியின் உள்ளமைப்புக்கும் நன்னூலே வழிகாட்டுகின்றது. காண்டிகையுரைக்குக் கருத்தும், சொற்பொருளும், எடுத்துக்காட்டும், வினாவும், விடையும் உறுப்புகள் என்று அது கூறும். நல்ல பத்தி ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். தொடக்கத்தே கருத்து நிற்கும். அடுத்து அதன் விளக்கம் வரும். பின்னர் எடுத்துக்காட்டு வரும். படிப்போர்க்குத் தோன்றக்கூடிய ஐயமும் அதற்கு விடையும் தொடரும். எல்லாப் பத்திக்கும் ஐந்தும் வேண்டுவதில்லை. ஆனால் கருத்து இல்லாத பத்தி தலையில்லா உடல். எடுத்துக்காட்டு இல்லாத பத்தி தசையில்லா எலும்பு.

பத்திக்கும் பத்திக்கும் உறவு

பாத்திகள் தனித்தனியே இருந்தால் மட்டும் போதாது. ஒன்றினின்று ஒன்றிற்கு நீர் செல்ல மடை வேண்டும். நூற்பாக்கள் ஒன்றையொன்று தொடரும் முறையை நான்காகச் சொல்வர்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. முன்னது விட்ட இடத்திற் பின்னது தொடர்வது ஆற்றொழுக்கு. அரிமா முன்னும் பின்னும் நோக்குவது போலச் சொன்னதையும் சொல்லப்போவதையும் ஒருங்கே தழுவுவது அரிமா நோக்கு. இடைப்பட்டதை விட்டு அப்பாலுள்ளதோடு சென்று இயைவது தவளைப் பாய்த்து. உயரப் பறந்த பருந்து இரைமேல் வீழ்வது போல வேண்டிய பொருள்மேல் நேரே வந்திறங்குவது பருந்தின் வீழ்வு.

கட்டுரையிற் பெரும்பான்மையும் ஆற்றொழுக்கே வேண்டும். பொருள் திரும்பும் இடத்தில் அரிமா நோக்குடைய பத்தி ஒன்று நிற்றல் நன்று. பாயவும் வீழவும் வேண்டிய இடங்களும் உண்டு. ஆனால் பாய்வதற்கு முன் படிப்போரை ஆயத்தப்படுத்துதல் எழுதுவோர் கடன். பரிமேலழகரை நோக்குங்கள். அவருடைய வடநூற் சார்பை ஏற்காதாரும் இவ்வொன்றில் அவரைப் பின்பற்றலாம். ஒவ்வோர் அதிகாரத்தின் முகப்பிலும் அதன் பொருளைச் சொல்லி, அது முன்னதன் பின் வைக்கப்பெற்றது எதனால் என்று அதிகார முறைமையும் கூறியே உரையுட் புகுகின்றார். எழுதுவோர் தம் ஒவ்வொரு பத்தியையும் நோக்கி, ‘நீ ஏன் இங்கு நிற்கின்றாய்?’ என்று கேட்டு விடை பெறுதல் வேண்டும். விடை கிடைக்காத பத்தி இடம் மாறவேண்டியது. அல்லது நீங்க வேண்டியது.

எவ்வளவு நீளம்?

பத்தியின் நீளத்திற்கு அளவுகோல் இல்லை. கருத்தின் அளவே அளவு. ஆயினும் இருபுறத்தும் குற்றம் உண்டு.

பக்கம் முழுதும் ஒரே பத்தியாய் எழுதுவது பழைய குற்றம். தாள் விலையை எண்ணி இடம் அடைத்து அச்சிட்ட சிற்றிதழ்கள் பலவற்றில் இது நேர்ந்தது. படிப்போர் மூச்சு வாங்குமிடம் தேடித் தேடிச் சலித்து, இதழை மூடி வைத்துவிடுவர். உள்ளே இருந்தது பொன்னேயாயினும் புதையுண்ட பொன்னால் யார்க்குப் பயன்?

ஒவ்வொரு தொடரையும் ஒவ்வொரு பத்தியாய்ப் பிய்த்து வைப்பது புதிய குற்றம். கைப்பேசித் திரை சிறியது. அதிற் படிப்போர் விரலால் தள்ளிக்கொண்டே செல்வர். ஆகவே ஒரு தொடர், ஓர் இடைவெளி, மறுபடியும் ஒரு தொடர் என எழுதும் வழக்கம் இக்காலத்துப் பரவியுள்ளது. அறிவிப்புக்கு அது போதும். ஆனால் ஒன்றை நிறுவுதற்கு அது போதாது. ‘ஆகவே’ என்று சொல்ல முன்னே ஒரு கரணியம் வேண்டும்; ‘ஆயினும்’ என்று சொல்ல முன்னே ஓர் உடன்பாடு வேண்டும். தொடர்கள் தனித்தனியே சிதறிக் கிடந்தால் அவ்வுறவுச் சொற்கள் உதிர்ந்துபோகும். அவற்றோடு கரணியமும் உதிர்ந்துபோகும். எஞ்சுவது முழக்கம். முழக்கத்தைக் கேட்டவர் கைதட்டலாம். மாறுபட்ட கருத்துடையார் ஒருவரும் அதனால் மனம் மாறார். இதனைக் கொள்கைக்காக எழுதுவோர் சிறப்பாக நெஞ்சிற் பதித்தல் வேண்டும்.

குறுந்தொடர் வேறு, குறைப்பத்தி வேறு. திரு.வி.க. குறுகிய தொடர்களால் எழுதியவர். ஆயினும் அத்தொடர்கள் ஒன்றன் தோள்மேல் ஒன்று கைவைத்து நடப்பன. பத்திக்கு வேண்டுவது அவ்வுறவே.

ஓர் எளிய பயிற்சி

இளைஞர்களே! எழுதி முடித்த கட்டுரையை ஒருநாள் ஆறப்போடுங்கள். மறுநாள் ஒரு கரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அப்பத்தி சொல்வது யாது என்று ஒரே வரியிற் குறியுங்கள். ஒரு வரியில் அடங்காமல், ‘இதுவும் அதுவும்’ என்று இரண்டு ‘உம்’ வந்தால், அங்கே இரண்டு பத்திகள் ஒன்றாய்க் கிடக்கின்றன, பிரியுங்கள். அடுத்தடுத்த இரண்டு ஓரங்களில் ஒரே வரி வந்தால், ஒரு பத்தி இரண்டாய்க் கிடக்கின்றது. சேருங்கள், அல்லது ஒன்றை அடியுங்கள். எழுத ஒரு வரியும் கிடைக்காத பத்தியை இரக்கமின்றி நீக்குங்கள்.

அதன்பின் கட்டுரையை விட்டு ஓரக்குறிப்புகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். அவை ஒன்றையொன்று தொடர்ந்து ஒரு முடிவிற்குக் கொண்டு சென்றால் கட்டுரை நிற்கும். இடையே அறுந்தால், அறுந்த இடத்திற் சொல்லாது விட்டது ஒன்று உண்டு, அதனை எழுதுங்கள். இப்பயிற்சிக்கு ஆசிரியர் வேண்டுவதில்லை. கரிக்கோலும் பொறுமையும் போதும்.

தமிழ்நாட்டிற் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. சட்டம் மொழிக்கு இருக்கையைத் தரலாம். அவ்விருக்கையில் அமர்ந்து பணி செய்யும் உரைநடையைத் தருதல் எழுதுவோர் கையில் உள்ளது. அரசாணையும், தீர்ப்பும், மருத்துவ நூலும், பொறியியல் நூலும் தமிழில் வரும்போது, படிப்பவர் ஒருமுறை படித்து உணரத்தக்கனவாய் அவை இருத்தல் வேண்டும். நல்ல தமிழ்ச்சொல் ஒன்றை ஆக்குவதற்கு எத்துணை உழைப்பு வேண்டுமோ, அத்துணை உழைப்பு அச்சொற்களை நிரல்பட வைப்பதற்கும் வேண்டும். தூய சொற்களைக் குவித்து வைத்தாற் போதும், தமிழ் வளர்ந்துவிடும் என்று எண்ணுவது, நல்ல விதையை வாங்கி வந்து பாத்தி கட்டாமல் இறைப்பதை ஒக்கும்.

ஏரி முறையீடு எழுதும் உழவர்க்கும், அதனைப் படிக்கும் அலுவலர்க்கும், அறிவியல் நூலைத் திறக்கும் மாணவர்க்கும் இது பொதுவான கடமை. இவ்வவையிலுள்ள ஒவ்வொருவரும் அடுத்து எழுதும் ஒரு மடலிலேனும் இப்பயிற்சியைத் தொடங்குவாராக!

வாழ்க தமிழ்!